டிக்கி இல்லாத காரும் என் பேரனும்

அப்புனு, இப்படி வந்து கயித்துக் கட்டல்ல உக்காரு. அந்தப் போனை அக்கட்டால வை. நேத்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நீ அதுல ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்ததை உங்க ஆத்தா பாத்துட்டா. பொண்ணு போட்டோவாட்ட இருக்குதுன்னு பூரிச்சுப் போய் எங்கிட்ட ஓடியாந்தா. நான் கண்ணாடியை மாட்டிட்டு எட்டிப் பாத்தா, 1992-ல வந்த டாடா எஸ்டேட், டிக்கி இல்லாமக் கூரையை வால் வரைக்கும் நீட்டுன ஸ்டேஷன் வேகன். பின்பக்கமாப் பிடிச்ச படம் வேற. "பொண்ணு பாருடான்னா பொண வண்டியைப் பாத்துட்டு இருக்கறானே"ன்னு சொல்லிட்டு அவ போய்ப் படுத்துட்டா. காலைல காப்பியும் வரலை. உன்னால எனக்கும் தண்டனை.

நான் உன்னை வாங்காதேன்னு சொல்லப் போறதில்லை. நாப்பது வருசம் லாரி ஓட்டுனவன் நானு. வண்டிக் கிறுக்கு பிடிச்சவனோட கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். காய்ச்சலுக்கு மாத்திரை இருக்குது, இதுக்கு இல்லை. ஆனா கிறுக்குப் பிடிச்சாலும் அதுக்கு ஒரு முறை இருக்குது பாரு, அதைச் சொல்லித் தரலாம்னுதான் கூப்பிட்டேன்.

அன்னைக்கு உன் கூட்டாளி ஒருத்தன் வந்தானே, தாடி வெச்சவன். திண்ணையில உக்காந்து ஒரு மணி நேரம் புலம்புனான். "கம்பெனிக்காரங்களுக்கு ரசனையே இல்லீங்க அப்பாரு, ஒருத்தனும் ஸ்டேஷன் வேகன் போட மாட்டேங்கறான்"னான். பாவமா இருந்துச்சு. "போட்டா நீ வாங்குவியா சாமி?"ன்னு கேட்டேன். "கண்டிப்பா வாங்குவனுங்க. ஒரு ஆறேழு வருசம் போகட்டும், செகண்ட்ஹேண்டுல பாதி விலைக்கு வரும், அப்ப வாங்குவனுங்க"ன்னான். மோரைக் குடிச்சுட்டு இருந்தவன் எனக்குப் பொறை ஏறிப் போச்சு.

அப்புனு, செகண்ட்ஹேண்டுன்னா என்ன? மொத ஆளு ஒருத்தன் ஷோரூம்ல நின்னு முழுக் காசு எண்ணி வெச்சாத்தான் ரெண்டாவது ஆளுக்குப் பாதி விலை. அந்த மொத ஆளு எங்கே? நீயும் ரெண்டாவது, உன் கூட்டாளியும் ரெண்டாவது, அவனோட கூட்டாளிக அம்புட்டுப் பேரும் ரெண்டாவது. பந்தியில எல்லாரும் ரெண்டாம் பந்திக்குக் காத்துட்டு இருந்தா சமையக்காரன் அடுப்பை அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிருவான். கம்பெனிக்காரன் பண்ணுனது அதுதான். அதுக்கு ரசனை இல்லைன்னு அவனைத் திட்டறீங்க.

அதனால கிறுக்குக்கு மொத முறை: வேகனைப் புதுசா வாங்கவே கூடாது. தப்பித் தவறி எவனாச்சும் புதுசா வாங்கியிருந்தா, அவன் இருக்கற திசையைப் பாத்துக் கும்பிட்டுக்கோணும். அவன் நட்டப்பட்டதுலதான் உன் காதல் ஓடுது.

நம்ம நாட்டுல ஆசைப்பட்டுப் போட்டவங்க கதை எல்லாம் நீ எனக்கு ராத்திரி ராத்திரி ஓதுனதுதான். இப்ப எனக்கே மனப்பாடம். மாருதி பலேனோவுக்குக் கூரையை நீட்டி ஆல்ட்டுரான்னு விட்டாங்க. ஃபியட்டுல சியனா வீக்எண்டு. ஓப்பல்ல கோர்சா ஸ்விங். ஸ்கோடாவுல ஆக்டேவியா கோம்பி. 2004-ல டாடா இண்டிகோவுக்கு மரீனான்னு ஒண்ணு. பேரெல்லாம் கல்யாணப் பத்திரிகையாட்ட இருக்குது, படிச்சு முடிச்சா காரியக் கடுதாசி. ஒண்ணாச்சும் தலையெடுத்துச்சா?

ஆனா ஒரே ஒரு வேகன் மட்டும் 1999-லிருந்து இன்னைக்கு வரைக்கும் ஓஹோன்னு விக்குது. எது? வேகன்-ஆர். அதுல வேகன் எங்கிருக்குதுன்னு நானும் சுத்திச் சுத்திப் பாத்துட்டேன். பேருல இருக்குது. குட்டைக் காரை உசரமாக் கட்டி, வேகன்னு எழுதி ஒட்டுனா லச்சக்கணக்குல வாங்கற சனம், நெசமாவே வேகனைக் கொண்டாந்து நிறுத்துனா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுது.

ஏன் ஓடுதுன்னு உனக்குப் புரியாது. நீ படத்தைப் பாக்கறவன். நான் அதுல இருந்தவன். கேளு.

எனக்கு இருபத்திரண்டு, இருபத்திமூணு வயசு இருக்கும். லாரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நூல் மில் மொதலாளி வீட்டுல டிரைவரா இருந்தேன். அவருகிட்ட நீளக் கூரை வெச்ச வண்டி ஒண்ணு. எந்தக் கம்பெனின்னு இப்ப என்னத்துக்கு, அந்த வண்டியும் இல்லை, மொதலாளியும் இல்லை. திங்கக்கிழமை பின்சீட்டை மடக்கி நூல் சிப்பம் ஏத்துவோம். செவ்வாய்க்கிழமை சந்தையில வாழைத்தாரு, வெங்காய மூட்டை. மத்த நாள்ல சீட்டை நிமுத்திப் புள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு. ஆடி மாசம் மொத்தக் குடும்பமும் பண்டம் பாத்திரத்தோட பவானி கூடுதுறைக்கு. ஒரு வண்டி நாலு வண்டி வேலை பாத்துச்சு. மொதலாளி அதைத் தடவிக் குடுக்கறதைப் பாத்தா கட்டுத்தரை மாட்டைத் தடவறாப்புல இருக்கும். மொதலாளி சம்சாரம் அம்மாவுக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு.

ஒரு நாள் மொதலாளியோட தாயார் சேலத்துல ஆஸ்பத்திரியில போய்ச் சேந்துட்டாங்க. நடு ராத்திரி. எந்த வண்டியில கொண்டாறது? நம்ம வண்டியிலதான் கால் நீட்டிப் படுக்க எடம் இருக்குதே. சீட்டை மடக்கி, பாய் விரிச்சு, நான்தான் ஓட்டியாந்தேன். வண்டி ஒரு குலுக்கல் இல்லாம வந்துச்சு, பெரியம்மாவுக்கு ஒரு நோவும் இல்லை. அவங்க இருந்த நெலமையில நோவு எங்கிருந்து வரும்னு கேக்காதே, மரியாதைக்குச் சொல்றேன்.

காரியம் முடிஞ்சுது. பதினேழாம் நாள் கோயிலுக்குக் கிளம்பறோம். அம்மா வாசப்படியில நின்னாங்க பாரு, எறங்கவே இல்லை. "அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்." சின்னப் பொண்ணும் ஏறலை. ஒரம்பரை எல்லாம் வந்து எட்டி எட்டிப் பாத்துட்டு, "ஆமா, பாத்தாலே அப்படித்தான் இருக்குது"ன்னாங்க. அதுவரைக்கும் வாழைத்தாரு ஏத்துன வண்டி, ஒரே ராத்திரியில அப்படி ஆயிருச்சு. கழுவி, மஞ்சத் தண்ணி தெளிச்சு, எலுமிச்சம்பழம் நசுக்குனதெல்லாம் வீண். மூணு மாசம் ஷெட்டுல நின்னுச்சு. மொதலாளி டிக்கி வெச்ச காரா ஒண்ணு வாங்குனாரு.

இதுதான் அதோட குத்தம் கண்ணு. மனுசன் படுத்துக்கிட்டுப் போற நீளம் இருக்குது. நம்ம ஊர்ல காருன்னா உக்காந்து போறது. படுத்துப் போறது ரெண்டே தரம்: ஒண்ணு ஆஸ்பத்திரிக்கு, இன்னொண்ணு அதுக்கும் அக்கட்டால. மூணு பெட்டி வெச்ச காருல முன்னாடி எஞ்சினுக்கு ஒரு பெட்டி, நடுவுல மொதலாளிக்கு ஒரு பெட்டி, பின்னாடி மூட்டைக்கு ஒரு பெட்டி. சாமானும் சாமியும் வேற வேற ரூமுல இருக்கோணும். வேகன்ல என்னடான்னா, வெங்காய மூட்டையும் வீட்டுக்காரரும் ஒரே கூரைக்குக் கீழே மூச்சு விடறாங்க. டிக்கியை வெட்டி எறிஞ்சது கம்பெனிக்காரனுக்கு அழகு. நம்மாளுக்கு அது கவுரவத்தை வெட்டுனாப்புல.

அந்த வண்டி என்னாச்சுன்னு கேக்க மாட்டியா? ஏற்காட்டுல காப்பித் தோட்டம் வெச்சிருந்த ஒருத்தர் வந்தாரு. சுத்தி வந்தாரு, குனிஞ்சாரு, பின்கதவைத் தூக்கி எறக்கி எறக்கிப் பாத்தாரு. உன் கண்ணுதான் அவருக்கும். பெரியம்மா சமாச்சாரத்தை நான் மெதுவாச் சொன்னேன். "அப்படியா, அப்ப இன்னும் ரெண்டாயிரம் கொறைப்பாரா?"ன்னு கேட்டாரு. பாதி விலைக்கும் கீழே ஓட்டிட்டுப் போனாரு. பின்னால நாய் ரெண்டு, மொளகு மூட்டை, காப்பிக்கொட்டை, வேட்டைக்குத் துப்பாக்கின்னு போட்டுக்கிட்டு மலை மேல ராசாவாட்டத் திரிஞ்சாருன்னு கேள்வி. வெள்ளைக்காரன் இந்த வண்டிக்கு எஸ்டேட்டுன்னு பேரு வெச்சதே அப்படிப்பட்ட பண்ணைக்காரங்களை நெனச்சுத்தானாமே. அமெரிக்காக்காரன் ரயில் ஸ்டேஷன்ல எறங்குற ஆளையும் பொட்டியையும் சேத்து ஏத்திட்டு வர்றதுக்குன்னு ஸ்டேஷன் வேகன்னான். ஒருத்தன் பேரு வெச்சான் தோட்டத்தை நெனச்சு, ஒருத்தன் வெச்சான் ஸ்டேஷனை நெனச்சு, நம்மாளு நெனச்சது சுடுகாட்டை.

சரி, நீ ஆசைப்படற எஸ்டேட்டுக்கு வருவோம். பாக்கறதுக்கு ஜெர்மன் மெர்சிடிஸ் வேகனோட சாயல்னு எல்லாரும் சொல்லுவாங்க. மேலே கோட்டு சூட்டுதான், ஒத்துக்கறேன். கீழே குனிஞ்சு பாத்தியா? 1988-ல வந்த டாடா மொபைல் பிக்கப்போட சட்டம். 1.9 லிட்டர் டீசல், எழுபது குதிரை கூட முழுசா இல்லை. கோட்டுக்குக் கீழே கோமணம். அது தப்புன்னு சொல்லலை, கோமணம் கட்டுனவன்தான் வயல்ல எறங்கி வேலை பாப்பான். ஆனா பொத்தானை அமுத்துனா கண்ணாடி எறங்குற காரை 1992-ல காசு குடுத்து வாங்கற ஆளு, ஊரே திரும்பிப் பாக்கோணும்னு நெனப்பானா, ஆம்புலன்சுன்னு ஒதுங்கி வழி விடோணும்னு நெனப்பானா? ரெண்டே வருசத்துல, 1994-ல, அதே கம்பெனி சுமோவைக் கொண்டாந்துச்சு. பத்துப் பேரை அடைக்கலாம். பத்துப் பேருன்னதும் நம்ம சனத்துக்கு நாக்குல எச்சி ஊறிருச்சு. 2000-ல டொயோட்டா குவாலிஸ் வந்துச்சு, அதோட எஸ்டேட்டு கதை முடிஞ்சுது. மூட்டைக்கு எடம் விடறதை விட மச்சானுக்கு எடம் விடறது நம்ம வழக்கம். மூட்டை கோவிச்சுக்காது, மச்சான் கோவிச்சுக்குவான்.

எஸ்டேட்டுக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தானே, சியரா. 1991. மூணே கதவு. அதுவும் ஓடாமத்தான் நின்னுச்சு. ஆனா அவன் நெஞ்சை நிமித்திக்கிட்டு உசரமா நின்னவன். அதனால 2025 கடைசியில அந்தப் பேரைத் தூசு தட்டி, அஞ்சு கதவு வெச்சு மறுபடியும் கொண்டாந்துட்டாங்க. தம்பி பேரை எவன் எடுத்தான்? அண்ணனுக்கு மறுபிறவி, தம்பிக்குத் திதி.

இதுல சர்க்கார் பண்ணுன கூத்து ஒண்ணு இருக்குது. அதை நெனச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும். 2006 பட்ஜெட்டுல, காரு நாலு மீட்டருக்குள்ளே இருந்து எஞ்சினும் சின்னதா இருந்தா வரி 24-லிருந்து 16-ஆக் கொறையும்னு சொல்லிட்டாங்க. வேகனோட பொழப்பே வாலை நீட்டறது. வரி சொல்லுது, வாலை வெட்டு. அதுக்கு ரெண்டு வருசம் முன்ன எந்த இண்டிகோவுக்கு வாலை நீட்டி மரீனான்னு வித்தாங்களோ, அதே இண்டிகோவுக்கு 2008-ல வாலை நறுக்கி, நாலு மீட்டருக்குள்ளே மடக்கி, சி.எஸ்.ன்னு வித்தாங்க. நீட்டுனதை எவனும் சீண்டலை. நறுக்குனதை டாக்சிக்காரங்க வரிசையில நின்னு வாங்குனாங்க. இப்ப 2025 செப்டம்பர்ல வந்த ஜி.எஸ்.டி. கணக்குப்படி சின்ன காருக்கு 18, பெரிசுக்கு 40. இந்த வரியில எவன் கூரையை நீட்டுவான், சொல்லு? டேப்பை வெச்சு அளந்து, ரெண்டு விரக்கடை மிச்சம் விட்டுல்ல கட்டறான்.

அமெரிக்காவுலயும் இதே கதைதான்னு நீதான் சொன்னே. 1975-ல எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்கு அப்புறம் சட்டம் போட்டாங்களாம், காரெல்லாம் இத்தனை மைல் குடுக்கோணும்னு. லாரி ஜாதி வண்டிக்கு மட்டும் சட்டம் தளர்வு. பெரிய பெரிய வேகனெல்லாம் கார்க் கணக்குல மாட்டிக்கிச்சு. கம்பெனிக்காரன் பாத்தான். குடும்பம் போற வண்டியைச் சக்கரத்தைப் பெருசாக்கி, உசத்திக் கட்டி, "இது லாரிங்க எசமான்"னுட்டான். எருமையைக் கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துல சேத்தாப்புல ஊரே எஸ்.யு.வி. ஆயிருச்சு. நடுவுல 1984 மாடலா கிரைஸ்லர்காரன் மினிவேனை எறக்கிப் புள்ளை குட்டிக்காரங்களை அள்ளிட்டான். அப்பன் வேகன் ஓட்டுனா மகன் மினிவேன், அவன் மகன் எஸ்.யு.வி. அப்பன் வண்டியை எந்த மகன் வாங்கியிருக்கான்? தாத்தன் வண்டியைத்தான் பேரன் தேடுவான். உன்னைத்தான் சொல்றேன்.

ஜெர்மன்காரன் மட்டும் விடலை. அவன் ஊர்ல கோம்பின்னா கவுரவம். ஐரோப்பாவுல இப்ப வர்ற வோக்ஸ்வாகன் பசாட்டுல வேகன் மட்டுந்தான், டிக்கி வெச்சதை நிறுத்தியே போட்டான். அங்கே ஆபீசுல குடுக்கற வண்டியே அதுதானாம். மொத ஆளு கம்பெனியா இருந்தா ரெண்டாவது ஆளுக்குக் கவலை இல்லை பாரு. அந்தக் கொடுப்பினை உனக்கு இல்லை.

இத்தனை சொல்றேனே, வண்டி மட்டமுன்னு சொல்றேனா? வாயைக் கழுவோணும். ஓட்டுறவனுக்கு அது மாதிரி வண்டி கெடையாது.

கொல்லிமலை ஏறியிருக்கறே இல்லை? 70 கொண்டை ஊசி வளைவு. அதுல நான் லோடு அடிச்சிருக்கறேன். இரும்பு லோடு பத்து டன் ஏத்துனாலும் பயமில்லை, அடியில கெடக்கும், வண்டி கம்முன்னு திரும்பும். வைக்கப் போரு ஏத்திப் பாரு. எடை கால்வாசி கூட இருக்காது. ஆனா உசரம். ஒவ்வொரு வளைவுலயும் போரு ஒரு பக்கம் போகும், உசுரு ஒரு பக்கம் போகும். உங்க எஸ்.யு.வி. எல்லாம் வைக்கப் போரு அப்புனு. மேலே உக்காந்தா ஊரு தெரியும், வளைவுல ஆட்டம் தெரியும். வேகன் இரும்பு லோடு. சாதாரண காரோட அதே அடிமட்டம், அதே சக்கரம், அதே தணிவு. பின்னால கூரையை மட்டும் நீட்டியிருக்குது. காத்தைக் கிழிக்கறதுக்கும் குட்டை வண்டிக்குச் சுலபம், எண்ணெய் மிச்சம். எஸ்டேட்டுக்கு மட்டும் அந்தக் கணக்கை முழுசாப் போடாதே, அதோட கோமணத்தைத்தான் பாத்தமே.

1994-ல வோல்வோக்காரன் இங்கிலாந்துல கார் ரேசுக்கு 850 வேகனை அனுப்புனானே, அந்தக் கதையை நீ சொன்னப்பத்தான் நான் இந்த சாதி மேல மரியாதை வெச்சேன். சாமான் வண்டியைக் கொண்டாந்து பந்தயத்துல விட்டு, ஊரு சிரிக்குதுன்னதும், ஒரு தரம் பின்னால ஒரு பொம்மை நாயை வேற உக்கார வெச்சு ஓட்டிக் காமிச்சானாம். ஜெயிக்கலை. ஆனா ஜெயிச்சவன் பேரு உனக்குத் தெரியுமா? நாய் ஏத்துனவனைத்தானே தெரியுது! அதே வருசம் ஆடிக்காரன் போர்ஷேக்காரனைக் கூட்டுச் சேத்துக்கிட்டு ஆர்.எஸ். 2-ன்னு ஒரு வேகன் போட்டான். அஞ்சு சிலிண்டர், 315 குதிரை. மொத்தமே மூவாயிரம் கூடச் செய்யலை. அந்தக் கூரைக்குக் கீழே வெங்காய மூட்டையை வெச்சுக்கிட்டு வெளையாட்டுக் காரை எல்லாம் தாண்டிப் போலாம். பாக்கறவனுக்கு அது மளிகைக்குப் போற வண்டி. அங்கேதான் கிறுக்கனுக்குப் போதை. துண்டு மட்டும் போட்டுட்டு மில்லுக்குள்ளே போன பெருசுதான் மில்லுக்கே சொந்தக்காரர்ன்னு காவக்காரனுக்குத் தெரியாம இருக்கறது இருக்குதே, அந்த சொகம்.

உன் நோய் எனக்கு நல்லாத் தெரியுது. உனக்கு வேகன் பிடிக்கறதுல பாதி அதோட தணிவுக்கும் நீளத்துக்கும். மீதிப் பாதி, பக்கத்து வீட்டுக்காரன் வாங்காததுனால. நாளைக்கே எல்லாரும் வேகன் வாங்க ஆரம்பிச்சு, கல்யாணத்துக்குச் சீருல வேகன் குடுத்தாங்கன்னு வை, நீயும் அந்தத் தாடிக்காரனும் வெக்கப்பட்டு வித்துப்போட்டு வேறே எதையாச்சும் தேடிட்டுப் போயிருவீங்க. அதனால கம்பெனிக்காரன் போட மாட்டேங்கறான்னு புலம்பறதை விடு. அவன் போடாம இருக்கறதுதான் உனக்குப் பண்ணற உபகாரம்.

இப்ப உன் வெசயம். வண்டியைப் பாக்கப் போறப்ப ஆசையை மொகத்துல காட்டாதே. "ஏனுங்க, ஆம்புலன்சா ஓடுனதுங்களா?"ன்னு கேளு. அம்பதாயிரம் கொறையும். பின்கதவைத் தூக்கிப் புடிக்கற கம்பி நிக்குதான்னு பாரு, தலை மேல விழுந்தா தைக்கறதுக்கு ஆளு வேணும். பின்கண்ணாடி ஒடஞ்சிருந்தா திரும்பிப் பாக்காம வந்துரு. நிறுத்திக் கால் நூத்தாண்டு ஆன வண்டிக்குக் கண்ணாடி தேடறதுக்குள்ளே உனக்குப் பேரன் பொறந்துருவான். துரு எங்கெல்லாம் பிடிக்கும்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், அதனால நானும் வருவேன். முன்சீட்டு எனக்கு.

பொண்ணு வீட்டுக்குப் போறன்னைக்கு மட்டும் உங்கப்பன் வண்டியில போலாம். கல்யாணம் முடிஞ்சு வண்டியைக் காட்டிக்கலாம். நானும் உங்க ஆத்தாகிட்ட லாரி ஓட்டுறேன்னு சொல்லலை, மில்லுல கணக்கு எழுதறேன்னுதான் சொன்னேன்.

வாங்கறதுன்னு முடிவாயிருச்சுன்னா ஞாயித்துக்கிழமை வெள்ளெனக் கெளம்பிரலாம். திரும்பி வர்றப்ப பின்சீட்டை மடக்கியே வெச்சிரு. திருச்செங்கோட்டுல நாலு மூட்டை கடலைப் புண்ணாக்கு எடுக்கோணும். மூஞ்சியை அப்படி வெச்சுக்காதே, பாய் விரிச்சுத்தான் ஏத்துவேன். வெள்ளாட்டுக் குட்டி ரெண்டு சொல்லி வெச்சிருக்கறேன், அதுக உக்காந்துக்கிட்டுத்தான் வரும்.